ஒரே மிடறு

"மனிதரா?" என்று ஒலிவாயில் அரபு மொழியில் வினவியது.

"நஅம்" என்றாள் தங்கபுஷ்பம்.

அச்சொல்லின் நடுவே அவளுடைய கழுத்தைச் சுற்றியிருந்த மிடற்றுப்பட்டை ஒரு நொடி இறுகித் தளர்ந்தது. யாரோ இரு விரல்களால் குரல்வளையை உள்ளிருந்து பற்றி விட்டுவிட்டது போன்ற உணர்வு. இத்தனை மாதங்களுக்குப் பிறகும் அவ்வுணர்வு அவளுக்குப் பழகவில்லை.

"அறிந்தேன்" என்றது வாயில். அவளுக்குப் பின்னால் நின்ற குருவம்மாளும் அவ்வாறே கூறி, அவ்வாறே அறியப்பட்டு உள்ளே வந்தாள்.

'ஆம்' என்று பொருள்படும் அந்த அரபுச் சொல்லைத் தமிழில் எழுதும்போது நடுவில் 'அ' என்னும் எழுத்தை இடுகிறோம். நம்மிடம் வேறு எழுத்து இல்லை. ஆயினும் அங்கே ஒலிப்பது உயிரெழுத்து அன்று. தமிழின் வல்லெழுத்துகள் இதழில் தொடங்கி, பல், அண்ணம் எனப் பின்னோக்கிச் சென்று, நாவின் அடியில் 'க' பிறக்கும் இடத்தோடு நின்றுவிடுகின்றன. அரபு மொழி அங்கே நிற்பதில்லை. உள்நாக்கைத் தாண்டி, தொண்டையின் நடுப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் அது இறங்குகிறது. நாவின் வேர் பின்னே சென்று தொண்டையின் பின்சுவரை நெருங்க, இடையே எஞ்சும் குறுகிய வழியில் குரல் நெரிந்து வெளிப்படுகிறது. இதுவே மிடற்றொலி.

அந்தக் குறுகிய வழியின் வடிவம் ஒருவருக்கு அமைந்தது போல மற்றொருவருக்கு அமைவதில்லை என்று பாலைக் கடற்கரையில் அமைந்த நயீம் நகரின் அறிஞர்கள் கண்டறிந்தனர். முகத்தை மாற்றலாம், விரல்ரேகையைப் படியெடுக்கலாம், தொண்டையின் உட்சுவரை எவராலும் திருட இயலாது. இக்கண்டுபிடிப்பின் மீது நகரம் முழுவதும் எழுப்பப்பட்டது. பகலில் வெளியே நிற்போர் மயங்கி விழும் வெப்பம் நிலவும் அப்பாலைக் கடற்கரையில், குளிர்ந்த காற்றைவிட அரிய பொருள் வேறில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டடத்திலும் இருப்பெண்ணி என்னும் பொறி அமைக்கப்பட்டது. வாயிலில் ஒலித்த மிடறுகளைக் கொண்டு உள்ளே எத்தனை பேர் உள்ளனர் என்று அது கணக்கிடும். எவரும் இல்லாத இடத்துக்குக் காற்று செல்லாது. மேலும், மக்களின் தனிமையைக் காக்கும் பொருட்டு, வாயில் எவருடைய பெயரையும் உச்சரிக்கலாகாது என்பது சட்டம். 'அறிந்தேன்' என்று மட்டுமே அது கூறும். யாரை அறிந்தது என்று கூறாது.

தங்கபுஷ்பம் தூத்துக்குடியைச் சேர்ந்தவள். மிடற்றொலி இல்லாத நாட்டிலிருந்து வேலைக்கு வருவோருக்கென்று உருவாக்கப்பட்டதே மிடற்றுப்பட்டை. அது நுண்ணிய மின்துடிப்புகளால் தொண்டைத் தசைகளை இழுத்து, வராத ஒலியை வரவழைக்கும். அதில் இரண்டு முறைகள் உண்டு. பழகுமுறையில், அணிந்தவரின் தொண்டை தன் இயல்புக்கேற்ப அவ்வொலியைச் சில மாதங்களில் தானே கற்கும். வார்ப்புமுறையிலோ, ஒரு வானொலிச் செய்தி வாசிப்பாளரின் தொண்டையிலிருந்து எடுத்த வடிவத்தைப் பட்டை அன்றே பிறர் தொண்டையில் பதித்துவிடும். வேலைக்கான ஒலித்தேர்வு அடுத்த வாரம் என்றிருக்கையில் எவர் பழகுமுறையைத் தேர்ந்தெடுப்பார்?

அவர்கள் பணிபுரிந்த இடம் துறைமுகத்தின் பழச்சேமக் கூடம். பறிக்கப்பட்ட பின்னரும் பழம் மூச்சு விடுகிறது. மூச்சு விடுவதாலேயே முதிர்ந்து அழுகுகிறது. ஆகவே கூடத்தில் ஆளில்லாத வேளையில் உயிர்வளியை அகற்றி, அவ்விடத்தை வேறொரு வளியால் நிரப்புவர். பழங்கள் உறங்கும். ஆள் நுழையும்போது மீண்டும் நல்ல காற்று வரும். உள்ளே ஆள் உண்டா இல்லையா என்று அறிவது இருப்பெண்ணியின் பொறுப்பு.

அன்று கூடத்தில் மூவர் மட்டுமே இருந்தனர். மூன்றாமவர் காயல்பட்டினத்துச் செய்யிது கனி. சிறுவயதில் ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதக் கற்றவராதலால் அவர் பட்டை அணிவதில்லை. மற்ற இருவருக்கும் அவர் 'காக்கா', அதாவது அண்ணன்.

"என்ன தங்கம், வண்டி மாட்டுக்குக் கட்டுன மாதிரி அதைக் கட்டிக்கிட்டே அலையுறியே. கழட்டிப் போட்டுட்டு ஒருதரம் சொல்லிப் பாரேன் புள்ள" என்றார் அவர், ஆரஞ்சுப் பெட்டி ஒன்றை இறக்கியவாறு.

"போங்க காக்கா. ஒங்களுக்குச் சின்னப் புள்ளையிலயே சொல்லிக் குடுத்துட்டாவ. எனக்கு இந்த வயசுலயா நாக்கு வளையப் போவுது?"

"நாக்குல்ல, தொண்டை. திடீர்னு பாம்பைக் கண்டா உள்ளுக்குள்ள ஒண்ணு அடைக்குமே, அந்த எடந்தான்."

"ஒங்க உஸ்தாது பாம்பக் காட்டியா சொல்லிக் குடுத்தாரு?" என்று குருவம்மாள் இடையிட்டாள்.

"பிரம்பைக் காட்டி. பாம்பா இருந்தாத் தேவலையேன்னு இருக்கும்."

மூவரும் சிரித்தனர். நோன்பு மாதம் நெருங்கியதால் பழங்கள் விரைந்து செல்ல வேண்டியிருந்தது. வழக்கத்துக்கு மாறாக அன்று வெள்ளிக்கிழமையிலும் வேலை நடந்தது. உச்சிப்பொழுது நெருங்கியதும் கனி கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"ஜும்ஆவுக்குப் போயிட்டு ஓடி வந்துருதேன். நான் வரமுட்டும் அந்தக் கடைசி வரிசையை முடிச்சி வைங்க. கதை பேசிக்கிட்டு நிக்காதீங்க, என்ன?"

"ஒங்களைப் பத்தித்தான் பேசப் போறோம். போயிட்டு வாங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

கனி வாயிலில் 'நஅம்' என்று கூறி வெளியேறினார். மற்ற நாள்களில் அனைவரும் ஒன்றாக நுழைந்து ஒன்றாக வெளியேறுவர். கனியே கடைசியாக வருவார். இந்த வழக்கம் இதுநாள்வரை தம்மை எதிலிருந்து காத்துவந்தது என்பதை அவர்களுள் எவரும் அறியவில்லை.

சற்று நேரத்தில் குருவம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, இந்தப் பல்லு உசுரை வாங்குது. மாத்திரை வெளிய பையில கெடக்கு. ஒரு வாய் தண்ணியும் குடிச்சிட்டு வந்துருதேன்."

"சீக்கிரம் வாட்டி. தனியா இருந்தா இந்த எடம் ஒரு மாதிரி இருக்கு."

"ஒன்ன எவன் தூக்கிட்டுப் போவான்? ஆரஞ்சுப் பழம்னு நெனச்சு எவனாவது தூக்குனாத்தான் உண்டு."

தொலைவில் குருவம்மாளின் 'நஅம்' கேட்டது. கதவு மூடியது. பின்னர், வரிசை வரிசையாக விளக்குகள் அணையத் தொடங்கின.

தங்கபுஷ்பம் முதலில் மின்தடை என்று எண்ணினாள். பிறகு கூரையிலிருந்து அந்தச் சீறல் எழுந்தது. ஒவ்வொரு மாலையும் கதவுக்கு வெளியே நின்று அவள் கேட்ட ஒலி அது. இப்போது அது கதவுக்கு இந்தப் பக்கத்தில் கேட்டது.

அவள் கையிலிருந்த பெட்டி விழுந்தது. பழங்கள் உருண்ட இருளில் அவள் ஓடினாள். வாயிலருகே ஒரு சிறு பச்சை ஒளி மட்டும் எஞ்சியிருந்தது.

"நஅம்!" என்று கத்தினாள். பட்டை இறுகியது. ஒலி சற்றும் பிசகாமல், செய்தி வாசிப்பவரின் ஒலியைப் போல வெளிவந்தது.

"அறிந்தேன்" என்றது வாயில் கனிவாக. "தாங்கள் வெளியே இருக்கிறீர்கள்."

அவளுக்குப் புரியவில்லை. மீண்டும் சொன்னாள்.

"அறிந்தேன். தாங்கள் வெளியே இருக்கிறீர்கள்."

தடித்த கண்ணாடித் துளையின் வழியே பார்த்தாள். குருவம்மாள் விசிப்பலகையில் முதுகைக் காட்டி அமர்ந்து, கன்னத்தில் கைவைத்திருந்தாள். தங்கபுஷ்பம் இரு கைகளாலும் கதவை அறைந்தாள். குளிரையே வெளிவிடாத கதவு ஓசையை எவ்வாறு விடும்?

அவளுக்கு மூச்சு முட்டவில்லை. அதுவே அவளை மிகுதியும் அச்சுறுத்தியது. இந்த வளியில் திணறல் இராது, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும் என்று பயிற்சியில் கூறியிருந்தனர். அவளுடைய விரல் நுனிகள் மரத்துப்போயின. பச்சை ஒளி இரண்டாகத் தெரிந்தது. உட்கார்ந்தால் நன்றாயிருக்கும் என்று ஓர் எண்ணம், வேறு யாரோ காதருகே கூறுவது போல, மெல்ல எழுந்தது.

அவள் பட்டையைப் பிடித்து இழுத்து அறுத்தாள்.

"நாம்" என்று அவளுடைய சொந்தத் தொண்டை கூறியது. வாயில் விடையளிக்கவில்லை. மிடற்றொலி இல்லாத ஓசை அதற்கு மனித ஓசை அன்று. பெட்டி உருளும் ஓசையும் அதுவும் ஒன்றே. "நாம்! நாம்!" என்று அவள் கதறினாள். இருள் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் கதவோரம் சரிந்தாள். தான் இங்கே, பழங்களுக்கு நடுவே, ஆளில்லாத அறையில் சாகப்போவது அவளுக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது. அக்கணத்தில் தொண்டைக்குள் ஏதோ ஒன்று அடைத்தது. நாவின் வேர் தானே பின்னே சென்றது. பாம்பைக் கண்டதுபோல. அவள் அந்த அடைப்பின் வழியாகவே சொன்னாள்.

"நஅம்."

அழகற்ற ஒலி. நெரிபட்ட விலங்கின் ஒலி. ஆயினும் அது எவருடைய வார்ப்பும் அன்று.

"அறியாதவர்" என்றது வாயில். அதன் குரலில் கனிவு இல்லை. "உள்ளே ஒருவர்."

சீறல் நின்றது. அபாயமணி அலறியது. கதவு திறக்கப்பட்டபோது, குருவம்மாள் வாயில் பாதி கரைந்த மாத்திரையுடன் நின்றாள்.

*

மறுநாள் தங்கபுஷ்பத்தை விசாரித்தவள் பொறியாளர் மைத்தா. இருப்பெண்ணியைப் பராமரிக்கும் குழுவின் தலைவி. நயீமின் பழங்குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவள். கறுப்பு அங்கியணிந்த அப்பெண் கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசியபோது தங்கபுஷ்பம் திகைத்தாள்.

"பயப்படாதே. தண்ணி குடி. சமத்துப் பொண்ணுல்ல."

மைத்தாவை வளர்த்தவள் நாகர்கோவிலைச் சேர்ந்த ஓர் ஆயா. மைத்தா அறிந்த தமிழ், ஓர் ஆயா குழந்தையிடம் பேசும் தமிழ். அதைக்கொண்டே தன்னைவிட மூத்தவளிடம் அவள் பேசினாள்.

"வாயில் கெட்டுப் போகலை" என்றாள் மைத்தா. "நல்லாத்தான் இருக்கு. நீ ஒருத்தி, அந்தக் குருவம்மா ஒருத்தி. ஆனா பட்டை போட்டா ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை. அதுக்கு நீங்க ஒரே ஆளு. ரெண்டாவது தடவை 'நஅம்' கேட்டா, அதே ஆளு திரும்பச் சொல்லுதுன்னு நெனச்சுக்கும். அந்தக் கனி உள்ளே இருந்தவரைக்கும் கணக்கு ஒண்ணாவது இருந்துச்சு. அவர் போனார். பிறகு அவ போனா. ஆளு இல்லைன்னு ஆயிடுச்சு. நீ உள்ளேயிருந்து கத்தினது வெளியே நிக்கிறவளோட எதிரொலின்னு முடிவு பண்ணிடுச்சு."

"அப்போ எங்க ஆளுங்க எல்லாரும்..."

"துறைமுகத்துல உங்க ஆளுங்க எத்தனை ஆயிரம் பேர் இருக்காங்க? அத்தனை பேரும் ஒரே ஆளு."

தங்கபுஷ்பம் குவளையைக் கீழே வைத்தாள். மைத்தா எழுந்து, கதவு பூட்டியிருப்பதை மீண்டும் உறுதிசெய்தாள். பின்பு தலைத்துணியைத் தளர்த்தினாள். அவளுடைய கழுத்தில், மெல்லிய பொன்னிழை போல, ஒரு மிடற்றுப்பட்டை இருந்தது.

"எனக்கும் வராது" என்றாள்.

நயீம் நகரத்தார் தம் மொழியையே அதன் கனத்த ஒலிகளுள் ஒன்றின் பெயரால் அழைத்துப் பெருமை கொள்ளும் மக்கள். ஆனால் இரண்டு தலைமுறைகளாக நயீமின் குழந்தைகளைத் தூக்கி வளர்த்த கைகள் வேற்றுநாட்டுக் கைகள். குழந்தை முதன்முதலில் கேட்ட தாலாட்டில் மிடற்றொலி இல்லை. வளர்ந்தபின் வாயில்கள் அவர்களை ஏற்க மறுத்தன. சொந்த நகரின் கதவு திறக்கவில்லை என்பதை எவர் வெளியே சொல்வார்? பொன்னிழைப் பட்டைகள் மறைவாக விற்பனையாயின. அவற்றிலும் இருந்தது அதே வார்ப்பு.

"ஷம்மான்னு எனக்கு ஒரு பொண்ணு. அஞ்சு வயசு. அவ பள்ளிக்கூடத்துல எல்லாக் குழந்தைக்கும் பட்டை இருக்கு. டீச்சருக்கும் இருக்கு." மைத்தாவின் குரல் தாழ்ந்தது. "ராத்திரி முழுக்க அதையேதான் நெனச்சேன். ஒரு குழந்தையை முன்னாடியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, மிச்சக் குழந்தைங்க எல்லாம் உள்ளே இல்லைன்னு ஆயிடாதா? எத்தனையோ நாள் அப்படிக் கூட்டிட்டு வந்திருக்கேன். உள்ளே வேலை பாக்குற தோட்டக்காரர் ஒருத்தருக்கு மட்டும் சொந்தத் தொண்டை. அவரு லீவு போட்டிருந்தார்னா..."

"வெளிய சொல்லிருங்கம்மா" என்றாள் தங்கபுஷ்பம். "பட்டையைக் கழட்டச் சொல்லுங்க."

"கழட்டினா எந்தக் கதவும் திறக்காது. சொன்னா ஒரு வீடும் தலை நிமிராது." மைத்தா அவளுடைய தாடையை மெல்லப் பற்றினாள். "ஆ காட்டு. நேத்து சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."

அந்தச் சீறலை நினைத்த மாத்திரத்திலேயே தங்கபுஷ்பத்தின் தொண்டை அடைத்தது. ஒலி வந்தது.

*

இவ்வாறு, காரணம் வெளியே சொல்லப்படாமலே, நயீம் நகரில் புதியதொரு பணி தோன்றியது. அப்பணியில் இருந்தோர் இருப்பாளர் எனப்பட்டனர். சொந்த மிடறு உள்ள ஒருவர் ஒவ்வொரு கட்டடத்திலும் முதலில் நுழைந்து, இறுதியில் வெளியேற வேண்டும். இடையில் அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, இருந்தால் போதும். கனி ஒரு வங்கியின் இருப்பாளர் ஆனார்.

"சும்மா குந்தியிருக்கச் சம்பளம் தாரான், தங்கம்! எங்க உஸ்தாதோட பிரம்புக்கு இப்பத்தான் மரியாதை" என்று அவர் கைப்பேசியில் சிரித்தார்.

தங்கபுஷ்பம் ஷம்மாவின் பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். ஒவ்வொரு காலையும் வாயிலில் நின்று அவள் கண்களை மூடுவாள், அணையும் விளக்குகளை நினைப்பாள், தொண்டை அடைக்கும். "அறிந்தேன்" என்னும் சொல் வரும்வரை அவளுடைய உள்ளங்கைகள் வியர்த்திருக்கும். வேறு வழியில் அவளுக்கு அவ்வொலி வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒருமுறை சாவை எண்ணித்தான் அவள் தன் இருப்பை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

குழந்தைகள் இதை அறியார். அவர்களுக்கு அவள் மடியில் படுக்க இடம் கொடுக்கும் அக்கா. ஷம்மா எந்நேரமும் அவளுடைய முந்தானையைப் பற்றித் திரிந்தாள். தாய் வழியாகவும் இவள் வழியாகவும் சில தமிழ்ச் சொற்களை அக்குழந்தை கற்றிருந்தாள். கீழே விழுந்த பொம்மையிடம்கூட "பயப்படாதே" என்பாள்.

ஒருநாள் மைத்தா ஓர் அளவைக்கருவியுடன் வந்தாள். "ஆ காட்டு. வலிக்காது. ஒரே ஒரு அளவு."

"எதுக்கும்மா?"

"பழைய வார்ப்பைச் சரி பண்ணத்தான்."

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். தன் அழகற்ற ஒலி யாருக்கோ பயன்படும் என்பதில் அவளுக்குச் சிறு பெருமிதமும் இருந்தது. சில வாரங்களில் குழந்தைகளின் கழுத்தில் புதிய நீலப் பட்டைகள் தோன்றின. பழைய வார்ப்பு ஆபத்தானது என்று பெற்றோரிடையே வதந்தி பரவியிருந்தது. ஆகவே அப்பள்ளியில் ஒருவர் விடாமல் அனைவரும் புதியதை வாங்கினர். ஆசிரியையும் வாங்கினாள்.

"இது உன் தொண்டை" என்றாள் மைத்தா மகிழ்ச்சியுடன். "பொறந்ததுலேர்ந்து பேசுற செய்தி வாசிப்பாளர் தொண்டை இல்ல, உசுருக்குப் போராடின தொண்டை. வாயில் உடனே ஏத்துக்குது. இன்னும் நாலஞ்சு வார்ப்பு வரப்போகுது. கணக்குல ஆளு கூடிக்கிட்டே போகும், பாரேன்."

தங்கபுஷ்பம் ஒரு நீலப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அதுலயும் எல்லாரும் ஒரே ஆளுதானம்மா?"

"நீ இருக்கியே உள்ளே. உனக்கு என்ன பயம்?"

பிழை வார்ப்பில் இருக்கிறது என்று நயீம் முடிவு செய்துவிட்டது. வார்த்தலிலேயே இருக்கிறது என்று எண்ண எவருக்கும் துணிவில்லை. தங்கபுஷ்பம் தன் ஐயத்தை மீண்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரிய படிப்பு படித்தவர்கள் சரிபார்த்திருப்பார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

*

அது கோடையின் நடுப்பகல். பெரிய வகுப்பினர் காலையிலேயே வீட்டிலிருந்து நேராகக் கடற்காட்சியகத்துக்குச் சென்றிருந்தனர். தோட்டக்காரர் ஊருக்குப் போயிருந்தார். மழலையர் கூடத்தில் ஆசிரியையும் தங்கபுஷ்பமும் குழந்தைகளும் மட்டுமே இருந்தனர். ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் ஏறி உடல் வெட்டி இழுத்தது. ஆசிரியை அவனைத் தூக்கிக்கொண்டு வாகனத்துக்கு ஓடினாள்.

"பார்த்துக்கோங்க!" என்று அரபியில் கத்திவிட்டு, வாயிலில் அவள் 'நஅம்' என்றாள். அந்த ஒலியைக் கேட்டுத் தங்கபுஷ்பம் திடுக்கிட்டாள். தன் குரலே வெளியே போவது போல இருந்தது.

வாகனம் சென்று மறைந்தது. பின்னர் சன்னல்களின் வெப்பக் காப்புத் தகடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. குளிர்காற்றின் இரைச்சல் நின்றது. அவ்வளவு நாள் கேட்டுக்கொண்டே இருந்த ஓர் ஓசை இல்லாமல் போனபோதுதான் அது இருந்ததே தெரிந்தது.

குழந்தைகள் கைதட்டினர். விளையாட்டு என்று எண்ணினர்.

தங்கபுஷ்பம் வாயிலை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் குழந்தைகள் மிரள்வார்கள் என்று தோன்றியது. அவள் கண்களை மூட வேண்டிய தேவை ஏற்படவில்லை. தொண்டை ஏற்கெனவே அடைத்திருந்தது.

"நஅம்."

"அறிந்தேன்" என்றது வாயில் கனிவாக. "தாங்கள் வெளியே இருக்கிறீர்கள்."

பள்ளிக்குள் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை; அவள் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தாள். "அக்கட்டடத்தில் எவரும் இல்லை" என்றது அபாய உதவி நிலையத்தின் பொறிக்குரல். இணைப்பு அறுந்தது. நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தாள். பாலைவெயிலைத் தடுக்கவென்று செய்த கண்ணாடி அது, நாற்காலிதான் உடைந்தது.

மீண்டும் சொன்னாள். குரலை மாற்றிச் சொன்னாள். கிசுகிசுத்தாள், அலறினாள். பயனில்லை. நீலப் பட்டைக்குள் அவர்கள் அளந்து அடைத்தது அவளுடைய அச்சத்தை. எவ்வளவு அஞ்சினாளோ அவ்வளவு துல்லியமாக அவள் அந்த வார்ப்பாகவே ஒலித்தாள். உலகில் அவளுக்கென்று இருந்த ஒரே ஒலி, இப்போது ஒரு வாகனத்தில் ஏறி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கூரைத் தகடு வெப்பத்தில் முறுகும் ஓசை கேட்டது. ஒரு குழந்தை கன்னத்து வியர்வையைத் துடைத்தது. மற்றொன்று தண்ணீர் கேட்டது.

தங்கபுஷ்பம் குழந்தைகளின் பட்டைகளைக் கழற்றினாள். வரிசையாக நிறுத்தி, தனக்குத் தெரிந்த அரபியில், வாயிலிடம் 'ஆம்' என்று சொல்லும்படி கேட்டாள். "நாம்! நாம்!" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே கூவினர். தொண்டை சற்றும் இறுகாத, இனிய, தளர்ந்த குரல்கள். வாயிலுக்கு அவை பொம்மைகள் உருளும் ஓசை. யாராவது ஒரு குழந்தையின் மிடறு, சொந்த மிடறு, ஒரே ஒருமுறை ஒலித்தால் போதும். அறியாதவர் உள்ளே என்று அது அலறும், காற்று வரும்.

அவளுக்கு அவ்வொலியைக் கற்பிக்கத் தெரியாது. அது எவ்வாறு வந்தது என்று மட்டும் தெரியும்.

ஷம்மா அவளுடைய முந்தானையைப் பற்றி இழுத்தாள். அக்காவின் முகத்தை அவள் கூர்ந்து பார்த்தாள். பிறகு தன் சிறு கையால் அவளுடைய கன்னத்தைத் தடவி, "பயப்படாதே அக்கா" என்றாள்.

இத்தனை மாதங்களாக இக்குழந்தைகளிடம் அவள் சொல்லிவந்த சொல் அது. இடி முழங்கியபோதும், விளக்கு அணைந்தபோதும், கனவு கண்டு விழித்தபோதும் அச்சொல்லையே அவர்களுடைய காதில் ஓதியிருந்தாள். அஞ்சத் தெரியாத குழந்தைகளாக அவர்களை ஆக்கியிருந்தாள்.

அவள் முழந்தாளிட்டாள். ஷம்மாவின் தோள்களை இறுகப் பற்றினாள், குழந்தைக்கு வலித்திருக்கும்.

"இல்ல கண்ணு" என்றாள். "பயப்படு."

பிறகு, மற்றவர்களுக்கும் கேட்கும்படி அரபியில் சொன்னாள். கதை எதையும் புனையவில்லை; பேய் என்றோ பூதம் என்றோ கூறவில்லை. காற்று நின்றுவிட்டது என்றாள். கதவு திறக்காது என்றாள். நாம் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது என்றாள். இன்னும் சற்று நேரத்தில் நாம் தூங்கிவிடுவோம், பிறகு எழுந்திருக்க மாட்டோம் என்றாள்.

சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. பின்வரிசையில் யாரோ விசும்பத் தொடங்கினர். ஷம்மாவின் கண்கள் விரிந்தன. உதடு துடித்தது. அந்தச் சிறு கழுத்தில், பட்டை இருந்த வெண்தழும்புக்கு மேலே, ஏதோ ஒன்று முதன்முறையாகத் தானே இறுகி மேலேறுவதைத் தங்கபுஷ்பம் கண்டாள்.

அவள் குழந்தையின் முகத்தை வாயிலை நோக்கித் திருப்பினாள்.

"இப்பச் சொல்லு" என்றாள்.